மகஜரும் மின்னணுக் கையொப்பமும்

– மூன்றாமாண்டு கணிப்பொறிப் பொறியியல் மாணவன்



"கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது எழுதுப்பா, ஆனா மெக்கானிக்கல் பசங்களுக்கும் புரியணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். பழகிய தலைப்புகளை விட்டுவிட்டு, நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி மாட்டிக் கொள்ளும் ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டேன். சுங்க இலாகாவும் வரி இலாகாவும் சோதனை போடும்போது எழுதப்படும் காகிதங்கள்தான் அது. மகஜர், வாக்குமூலம், நோட்டீஸ், உத்தரவு என்று வரும் இவை எப்படிக் கணிப்பொறிக்குள் போகின்றன? போன பிறகு அதில் கையெழுத்து என்பது என்ன? அதை நம்பலாமா? இவைதான் இக்கட்டுரையின் கேள்விகள்.

"பெரம்பலூர்லயும் அரியலூர்லயும் கடலும் கிடையாது, ஏர்போர்ட்டும் கிடையாது. நமக்கு ஏன் கஸ்டம்ஸ்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், வளைகுடாவிலும் வேலை பார்க்கும் ஆள் இல்லாத தெரு நம் மாவட்டங்களில் குறைவு. அவர்கள் இறங்குவது பெரும்பாலும் திருச்சி விமான நிலையத்தில். அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்ட் ஆலைகளிலிருந்து இரவு பகலாக லாரிகள் புறப்படுகின்றன. நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை இருக்கிறது. இவற்றுக்கு வரும் சரக்கும், இங்கிருந்து போகும் சரக்கும் ஏதோ ஓர் இடத்தில் ஓர் அதிகாரியின் பேனாவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்தப் பேனா இப்போது மாறிக் கொண்டிருக்கிறது.

காகிதம் என்ன சொல்கிறது?

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. சோதனை போடுவதற்கு முன்பு இரண்டு பேரையாவது சாட்சியாக அழைக்க வேண்டும் என்று அதன் 102-ஆம் பிரிவு கூறுகிறது. அவர்கள் முன்னிலையில் சோதனை நடக்க வேண்டும். கைப்பற்றிய பொருட்களின் பட்டியலை எழுதி, அதில் அந்தச் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். நம் பக்கத்தில் இதை மகஜர் என்கிறோம். சுங்க இலாகாவில் பஞ்சநாமா என்றும் சொல்வார்கள்.

சட்டத்துக்குப் புறம்பான சரக்கு என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால் 110-ஆம் பிரிவின்படி அதைக் கைப்பற்றலாம். கைப்பற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மேலதிகாரி எழுத்து மூலம் காரணம் காட்டி இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் நோட்டீஸ் வரவில்லை என்றால் சரக்கைத் திருப்பித் தர வேண்டும். 108-ஆம் பிரிவின்படி சம்மன் அனுப்பி வாக்குமூலம் வாங்கலாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எல்லாமே தேதியையும், நேரத்தையும், கையெழுத்தையும் நம்பித்தான் நிற்கின்றன. எந்தத் தேதியில் கைப்பற்றினார்கள்? பட்டியலில் எத்தனை உருப்படி இருந்தது? சாட்சி கையெழுத்துப் போட்டபோது காகிதம் நிரம்பியிருந்ததா, காலியாக இருந்ததா? நோட்டீஸ் கையில் கிடைத்த நாள் எது? ஒரு மனிதனின் சுதந்திரமும், ஒரு வியாபாரியின் முதலும் இந்த நான்கு கேள்விகளில் அடங்கியிருக்கிறது.

என் பெரியப்பா லாரி டிரைவர். 2022-ல் அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றிக் கொண்டு போனார். வழியில் டயர் வெடித்து, ராத்திரி முழுக்க ஒரு பஞ்சர் கடையிலேயே வண்டி நின்றுவிட்டது. சரக்குக்கான இ-வே பில்லின் காலக்கெடு நள்ளிரவோடு முடிந்தது. காலக்கெடு முடிந்த 8 மணி நேரத்துக்குள் நீட்டித்துக் கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அதன்படி காலை 6-50-க்கு ஓனர் ஆபீசில் நீட்டித்துவிட்டார்கள். 7-10-க்கு வண்டியை மடக்கிச் சோதனை போட்டார்கள். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கையால் நிரப்பிய படிவத்தில் நேரம் எழுதிய இடத்தில் 7-இன் மேல்கோடு சரியாக விழவில்லை. அது 1-10 என்று பதிவாகிவிட்டது. 1-10-க்குப் பில் காலாவதி. 7-10-க்குப் பில் செல்லும். ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம்!

"ஒரு மணிக்கு நான் ஜாக்கி போட்டுக்கிட்டு இருந்தேன்யா" என்று அவர் சொன்னதற்குச் சாட்சி அந்தப் பஞ்சர் கடைக்காரர் மட்டும்தான். அப்பீலுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் வண்டி நிற்க நிற்க நஷ்டம். ஓனர் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிட்டார். பெரியப்பாவுக்கு அந்த டிரிப்பின் படி கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நமது பாடம் ஆரம்பமாகிறது. எழுதிய நேரத்தை யாரும் மாற்ற முடியாமலும், எழுதியவர் யார் என்பதை மறுக்க முடியாமலும் ஒரு தஸ்தாவேஜை உண்டாக்க முடியுமா?

கையெழுத்து ஒரு கணக்கு

முடியும் என்று கணிதம் சொல்கிறது. 1976-ல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் ஒரு புதுமையான யோசனையை வெளியிட்டார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறு சாவி என்பதே அது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகிய மூவரும் அதைச் செயல்படுத்தும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அதை ஆர்.எஸ்.ஏ. முறை என்கிறோம்.

பயப்பட வேண்டாம். கால்குலேட்டர் இருந்தால் போதும், நாமே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மகஜரில் "லாரி எண் 4521, மூட்டை 320" என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

முதல் படி: தஸ்தாவேஜைச் சுருக்க வேண்டும். எல்லா இலக்கங்களையும் கூட்டுங்கள். 4+5+2+1+3+2+0 = 17. இதை 13-ஆல் வகுத்தால் மீதி 4. இந்த 4-தான் மகஜரின் சுருக்க எண். ஆங்கிலத்தில் ஹேஷ் என்பார்கள்.

இரண்டாம் படி: அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். 3, 11 என்ற இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 33. அதிகாரியின் ரகசியச் சாவி 7. ஊருக்கே தெரிந்த பொதுச் சாவி 3. சுருக்க எண்ணான 4-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்கினால் 16,384. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16-தான் மின்னணுக் கையொப்பம். மகஜரோடு இதுவும் சேர்ந்து போகும்.

மூன்றாம் படி: வாங்கியவர் சரிபார்க்க வேண்டும். அவரிடம் ரகசியச் சாவி இல்லை, பொதுச் சாவி மட்டும்தான். 16-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 4,096. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 4. மகஜரை அவரே ஒருமுறை சுருக்கிப் பார்க்கிறார். அதுவும் 4. இரண்டும் ஒன்றாக இருப்பதால் கையொப்பம் உண்மை.

இப்போது யாரோ ஒருவர் 320 மூட்டையை 820 என்று திருத்திவிட்டார் என்று வையுங்கள். கூட்டினால் 22, சுருக்க எண் 9. கையொப்பமோ இன்னும் 4 என்றே சொல்கிறது. குட்டு வெளிப்பட்டுவிட்டது! புதிதாகச் சரியான கையொப்பம் போட வேண்டுமானால் ரகசியச் சாவி 7 தெரிய வேண்டும். அது அதிகாரியிடம் மட்டுமே உண்டு. அதனால் "நான் போடலை" என்று அதிகாரியும் பிறகு சொல்ல முடியாது.

கெட்டிக்கார நண்பர்கள் உடனே ஓர் ஓட்டையைக் கண்டுபிடிப்பீர்கள். 320-ஐ 230 என்று மாற்றினாலும் கூட்டல் 17-தானே? ஆமாம். நமது சுருக்கும் முறை வெறும் விளையாட்டு. நிஜத்தில் உபயோகிப்பது எஸ்.ஹெச்.ஏ.-256 என்ற முறை. ஒரு பக்கமானாலும் ஆயிரம் பக்கமானாலும் அதை 64 எழுத்து நீளமுள்ள ஒரே சரமாகச் சுருக்கிவிடும். ஒரு காற்புள்ளி மாறினாலும் முழுச் சரமும் வேறாகிவிடும். அதேபோல் 33-ஐப் பார்த்தவுடன் 3×11 என்று சொல்லிவிடலாம். நிஜச் சாவியில் அந்த எண் 2048 பிட், அதாவது 617 இலக்கம். அதன் இரண்டு பகா எண்களைப் பிரித்தெடுக்க இன்றைய கணிப்பொறிகளால் நடைமுறையில் முடியாது.

ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். பேப்பரில் போட்ட கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டுவது மின்னணுக் கையொப்பம் ஆகாது. அது வெறும் படம். யார் வேண்டுமானாலும் வெட்டி வேறு இடத்தில் ஒட்டலாம்.

சாவி இன்னாருடையது என்று யார் சொல்வது?

பொதுச் சாவி 3 என்று ஊருக்கே தெரியும். ஆனால் அது இந்த அதிகாரியுடையதுதான் என்று யார் உறுதி சொல்வது? இதற்காகத்தான் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. அவ்வருடம் அக்டோபர் 17 முதல் அது அமலில் உள்ளது. அதன்படி மத்திய அரசில் சான்றளிக்கும் அமைப்புகளுக்கான கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் லைசென்ஸ் வாங்கிய நிறுவனங்கள் மட்டுமே, "இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது" என்று சான்றிதழ் தரலாம். ரகசியச் சாவி, பென் டிரைவ் போன்ற ஒரு யு.எஸ்.பி. டோக்கனுக்குள் இருக்கும். கடவுச்சொல் போட்டால் டோக்கன் உள்ளேயே கணக்கைப் போட்டுக் கையொப்பத்தை மட்டும் வெளியே தரும். சாவி வெளியே வராது.

2008-ல் சட்டம் திருத்தப்பட்டு, இம்முறை தவிர வேறு மின்னணுக் கையொப்ப முறைகளுக்கும் வழி பிறந்தது. அப்படி 2015-ல் வந்ததுதான் ஆதார் மூலம் ஓ.டி.பி. போட்டுக் கையொப்பமிடும் இ-சைன் முறை. டோக்கன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் இது செல்லும் என்று நினைக்காதீர்கள். உயில் எழுதினால் இன்றும் பேப்பரும் பேனாவும்தான்.

இது ஏதோ டெல்லி சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். ஸ்காலர்ஷிப்புக்காக இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழையோ, சாதிச் சான்றிதழையோ கணிப்பொறியில் திறந்து பாருங்கள். தாசில்தார் அலுவலகத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். அதன் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்விக்குறி தெரிந்தால் "போலிச் சான்றிதழ் போலிருக்கு" என்று பதற வேண்டாம். அந்தக் கணிப்பொறிக்கு இந்திய அரசின் மூலச் சான்றிதழ் யாரென்று தெரியவில்லை என்பதே அதன் பொருள். கையொப்பத்தைச் சொடுக்கி, சான்றிதழ் வழங்கியவர் யார் என்று பார்த்து, நம்பகமானவர் பட்டியலில் சேர்த்தால் பச்சைக் குறி வந்துவிடும். வெறும் பிரிண்ட் அவுட்டில் இந்தச் சோதனை எதுவும் செய்ய முடியாது. அப்போது அதிலுள்ள எண்ணை வைத்து அரசுத் தளத்தில்தான் பார்க்க வேண்டும்.

சுங்க இலாகா நடந்து வந்த பாதை

நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போன சிங்கப்பூர், 1989-லேயே டிரேட்நெட் என்ற அமைப்பின் மூலம் ஏற்றுமதி இறக்குமதி பர்மிட்டுகளைக் கணிப்பொறியில் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இந்தியச் சுங்க இலாகா 1990-களின் மத்தியில் டெல்லியில் தொடங்கி, பின்னர் சென்னை உள்ளிட்ட மற்ற சுங்க நிலையங்களுக்கும் கணிப்பொறி முறையைக் கொண்டு போனது. ஆனாலும் நெடுங்காலம் கணிப்பொறியில் ஒருமுறை, காகிதத்தில் ஒருமுறை என்று இரட்டை வேலைதான். 2015-ல் சரக்கு ஆவணங்களில் மின்னணுக் கையொப்பம் இட வழி செய்த பிறகே காகிதம் குறையத் தொடங்கியது. 2018-ல் இன்வாய்ஸ் முதலான துணை ஆவணங்களும் இ-சஞ்சித் என்ற பெயரில் கணிப்பொறிக்குப் போயின.

2020-ல் கொரோனா காலத்தில் இந்த வேகம் கூடியது. ஏப்ரல் மாதம் சரக்கு விடுவிப்பு ஆவணம் பி.டி.எஃப். வடிவத்தில் வரத் தொடங்கியது. ஜூன் 8-ந் தேதி, அதிகாரியும் இறக்குமதியாளரும் ஒருவரை ஒருவர் பாராமலேயே வரி மதிப்பீடு செய்யும் முறை சென்னையிலும் பெங்களூரிலும் முதலில் ஆரம்பமானது. அதே மாதம் 15-ந் தேதி, இலாகாவின் உள்கோப்புகளுக்கான இ-ஆபீஸ் முறை ஐந்நூறுக்கும் மேற்பட்ட அலுவலகங்களில் தொடங்கப்பட்டது.

இதெல்லாம் சரக்கு விடுவிக்கும் பக்கம். அமலாக்கப் பக்கம், அதாவது சோதனை, பறிமுதல், கைது என்று வரும் பக்கம் மெதுவாகத்தான் நகர்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. அது நேராகக் கோர்ட்டுக்குப் போகும் காகிதம். கணிப்பொறிப் பிரிண்ட் அவுட்டைச் சாட்சியமாக ஏற்க சுங்கச் சட்டத்தில் 138-சி பிரிவு 1988-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தக் கணிப்பொறி ஒழுங்காக வேலை செய்தது என்று பொறுப்பானவர் சான்றளிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. பொதுவான சாட்சியச் சட்டத்திலும் இப்படி ஒரு சான்று உண்டு. மூலக் கருவியையே கோர்ட்டில் காட்டினால் ஒழிய அந்தச் சான்று கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம், அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாட்சிய அதினியம் அமலுக்கு வந்தது. அதன் 63-ஆம் பிரிவின் கீழ் கொடுக்கும் சான்றுப் படிவத்தில், மின்னணுப் பதிவின் ஹேஷ் மதிப்பு என்ன, எந்த முறையில் கணக்கிட்டது என்று எழுத இடம் விட்டிருக்கிறார்கள். நாம் மேலே கூட்டிக் கழித்துப் பார்த்த அதே சுருக்க எண், சட்டத்தின் படிவத்திலேயே ஏறிவிட்டது! அதே நாளில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் பட்டியல் தயாரித்துக் கையெழுத்திடுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. நம் கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்களுக்கு இதில் எதிர்காலத்தில் வேலை இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம்ம ரோட்டில்

சுங்கத்துக்குத் தம்பி முறை என்று ஜி.எஸ்.டி.யைச் சொல்லலாம். இரண்டுக்கும் மத்தியில் ஒரே வாரியம்தான். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லை வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அதற்குப் பதில் வந்தது இ-வே பில். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஜூன் 2 முதலும் கட்டாயமானது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இது தேவை. சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் காலக்கெடு.

வண்டியை மடக்கினால் என்னென்ன காகிதம் வரும் என்பதை ஒவ்வொரு டிரைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எல்லாம் எம்.ஓ.வி. என்ற வரிசை. 01 என்பது டிரைவரின் வாக்குமூலம். 02 என்பது சோதனைக்காக நிறுத்தும் உத்தரவு. 04 என்பது சோதனை அறிக்கை. தப்பு இல்லை என்றால் 05-ல் விடுவிப்பு. தப்பு என்றால் 06-ல் தடுத்து வைக்கும் உத்தரவு, 07-ல் நோட்டீஸ், 09-ல் அபராத உத்தரவு. சோதனையை 3 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். தடுத்து வைத்த 7 நாளுக்குள் நோட்டீஸ், அதிலிருந்து 7 நாளுக்குள் உத்தரவு. சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தால் அபராதம் வரியைப் போல் இரண்டு மடங்கு. அதாவது 20,000 ரூபாய் வரியுள்ள லோடுக்கு 40,000 ரூபாய்.

இந்த நாள் கணக்கெல்லாம் டிரைவருக்கும் வியாபாரிக்கும் பாதுகாப்பு. ஆனால் தேதியையும் நேரத்தையும் கையால் எழுதும் வரை அந்தப் பாதுகாப்பு பேனாவின் தயவில்தான் இருக்கும். வண்டி நின்ற இடத்திலேயே அதிகாரி ஒரு கருவியில் பதிவு செய்து, அப்போதே மின்னணுக் கையொப்பமும் நேரமுத்திரையும் விழுந்து, டிரைவரின் போனுக்கு ஒரு பிரதி வந்துவிட்டால்? 7-10 எக்காலத்திலும் 1-10 ஆகாது.

பெரிய கம்பெனிகளின் இன்வாய்ஸில் இது ஏற்கெனவே நடக்கிறது. 2020 அக்டோபரில் தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறையில், ஒவ்வொரு பில்லுக்கும் 64 எழுத்துள்ள ஓர் எண் கிடைக்கிறது. 64 என்றதும் ஞாபகம் வருகிறதா? அதுவும் ஹேஷ்தான். பில்லின் கியூ.ஆர். கட்டத்துக்குள்ளேயே அரசுத் தளத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. சிக்னல் இல்லாத ரோட்டிலும் அதற்குரிய ஆப் மூலம் சரிபார்த்துவிடலாம்.

நோட்டீஸில் எண் இருக்கிறதா?

2019 நவம்பர் 8 முதல், மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் அதிகாரிகள் அனுப்பும் சம்மன், சோதனை ஆணை, கைதுக் குறிப்பு, கடிதம் ஆகியவற்றில் டி.ஐ.என். என்ற 20 இலக்க ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். வாரியத்தின் இணையத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், இலாகா அனுப்பியதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி. பொதுத்தளத்தின் வழியே வரும் நோட்டீஸில் அதற்கென்று தனி மேற்கோள் எண் இருக்கும். அதையும் தளத்தில் சரிபார்க்கலாம்.

இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் வீட்டில் சொல்லி வையுங்கள். "கஸ்டம்ஸ்ல இருந்து பேசறோம், உங்க பேர்ல பார்சல் மாட்டியிருக்கு, உடனே இந்த அக்கவுண்ட்ல பணம் போடுங்க" என்று போன் வந்தால் அது மோசடி. தனி ஆள் கணக்கில் சுங்க வரி கட்டச் சொல்லிச் சுங்க இலாகா போன் செய்வதில்லை. இதை இலாகாவே பலமுறை அறிவித்திருக்கிறது. வீடியோவில் யூனிபாரம் போட்டு மிரட்டினாலும் சரி, "டி.ஐ.என். நம்பர் என்ன?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள். எண் சொன்னாலும் தளத்தில் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இதிலும் குறை உண்டு

எல்லாம் கணிப்பொறி ஆகிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடும் என்று எழுதினால் நான் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன்.

முதலாவது, மின்னணுக் கையொப்பம் "இந்தக் காகிதம் திருத்தப்படவில்லை" என்று மட்டும்தான் சொல்லும். "இதில் எழுதியது உண்மை" என்று சொல்லாது. பொய்யை எழுதிக் கையொப்பமிட்டால், திருத்த முடியாத பொய்யாக அது நின்றுவிடும். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் பயந்து போய்க் கையெழுத்துப் போட்டவருக்கு, அது பேனாவாக இருந்தால் என்ன, விரல் ரேகையாக இருந்தால் என்ன? படித்துக் காட்டும் மனிதர் ஒருவர் வேண்டும். அந்த இடத்தைக் கணக்கு நிரப்பாது.

இரண்டாவது, நோட்டீஸ் போய்ச் சேருவது. வாசலில் ஒட்டிய நோட்டீஸ் கண்ணில் படும். தளத்தில் ஒரு மூலையில் ஏற்றிய நோட்டீஸை யார் பார்ப்பது? அப்படிப் பார்க்காமல் விட்டு, தம் பக்கத்தைச் சொல்லாமலேயே உத்தரவு வாங்கிய சிறு வியாபாரிகள் பலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். பல வழக்குகளில் நிபந்தனையோடு மறுபடி விசாரிக்கும்படி கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. எல்லோராலும் சென்னைக்கோ மதுரைக்கோ போய் வழக்காட முடியுமா?

மூன்றாவது, கையொப்பமே இல்லாமல் தளத்தில் ஏற்றிவிடுவது. ஜி.எஸ்.டி. விதி 26, நோட்டீஸும் உத்தரவும் அதிகாரியின் மின்னணுக் கையொப்பத்துடன் வர வேண்டும் என்கிறது. கையொப்பமில்லாத உத்தரவு செல்லாது என்று 2023-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையொப்பம் என்பது வெறும் சடங்கு அல்ல, அது பொறுப்பு என்பதே இதன் சாரம்.

நான்காவது, நம்முடைய அலட்சியம். டோக்கனையும் கடவுச்சொல்லையும் சேர்த்து ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கும் கடைக்காரர்கள் நம் ஊரில் குறைவில்லை. "அவரே போட்டுக்குவாருங்க" என்பார்கள். இது வெற்றுக் காகிதத்தில் நூறு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். ரகசியச் சாவியைப் பத்திரமாகக் காப்பது உரியவரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. மோசடியாக இன்னொருவரின் மின்னணுக் கையொப்பத்தை உபயோகித்தால் 66-சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பின்னால் "நான் போடலை" என்று நிரூபிப்பது மகா கஷ்டம்.

நாம் செய்யக் கூடியவை

டிப்ளமோ படிக்கும் நாம் சட்டத்தை மாற்றப் போவதில்லை. ஆனால் நம்மால் ஆகக் கூடியது நிறைய இருக்கிறது.

1. வெளிநாடு போகும் அண்ணன்மார்களுக்குச் சொல்லுங்கள்: அடுத்தவர் கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். மகஜரில் உங்கள் பெயர்தான் ஏறும், கொடுத்தவர் பெயர் ஏறாது.

2. எந்தக் காகிதமானாலும், எந்தத் திரையானாலும் படித்த பிறகே கையெழுத்து. புரியவில்லை என்றால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதி, நேரம், எண்ணிக்கை மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். பிரதி கேட்டு வாங்குங்கள்.

3. டிரைவர் வேலை பார்க்கும் உறவினர் இருந்தால், இ-வே பில் காலக்கெடுவைப் போனில் அலாரமாக வைத்துக் கொடுங்கள். வண்டி நின்ற இடத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் நேரமும் அதில் பதிந்திருக்கும்.

4. கடை வைத்திருக்கும் பெரியவர்களின் ஜி.எஸ்.டி. தளத்தை வாரம் ஒருமுறை திறந்து, நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை, ஒரு குடும்பத்தின் முதல் தப்பும்.

5. டோக்கனையும், கடவுச்சொல்லையும், ஓ.டி.பி.யையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

6. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களே! இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? தமிழில் மகஜரைப் பதிவு செய்து, வாய்விட்டுப் படித்துக் காட்டி, ஹேஷ் கணக்கிட்டு, கையொப்பமும் நேரமுத்திரையும் இட்டு, சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் ஒரு சிறு மென்பொருள் செய்து பாருங்கள். கணக்கு கடினமில்லை, மேலே போட்டுவிட்டோம். தமிழில் படித்துக் காட்டும் பகுதியில்தான் உங்கள் திறமை தெரியும்.

கைநாட்டு வைத்த காலத்தில் நம் பாட்டன்மார்கள் பத்திரத்தை யாரோ படிக்கக் கேட்டு, நம்பி, கட்டை விரலை அழுத்தினார்கள். பேனா வந்தபோது படித்தவன் தப்பித்தான். இப்போது டோக்கனும் ஓ.டி.பி.யும் வந்திருக்கின்றன. பின்னால் இருக்கும் கணக்கைத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்தால்தான் மற்றவர்கள் ஏமாறாமல் இருப்பார்கள். அந்த நாலு பேர் நம் கல்லூரியிலிருந்து போகட்டும்.